அப்பெண்டிக்ஸ்: வெட்டி எடுக்கணுமா, அடைப்பை எடுத்தா போதுமா?

வலது பக்கம் அடிவயிறு வலிச்சா நம்ம வீட்டுல முதல்ல வர்ற சந்தேகம் என்ன? "அப்பெண்டிக்ஸா இருக்குமோ?" அதுக்கு அடுத்த வரியும் ரெடியா இருக்கும்: "அப்போ ஆபரேஷன்தான்." இந்த இரண்டு வரியும் ஒட்டிப் பிறந்த மாதிரி நம்ம மனசுல பதிஞ்சிருக்கு. இன்றைய எபிசோடில் இரண்டையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறேன்.

காரணம் இதுதான். 2012-ல் சீனாவின் ஹார்பின் நகரத்திலிருந்து லியு பிங்ரோங் என்ற மருத்துவரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. வயிற்றில் ஒரு கீறல்கூடப் போடவில்லை, குடல்வாலை வெட்டி எடுக்கவும் இல்லை. கொலோனோஸ்கோப் வழியாகப் போய், குடல்வாலுக்குள் இருந்த அடைப்பை நீக்கி, சீழை வடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். இதைப் படித்ததும் எனக்கு ஒரு கேள்வி வந்தது. இவ்வளவு சாதாரணமா தோன்றுகிற ஒரு யோசனைக்கு ஏன் இவ்வளவு காலம் ஆனது? வீக்கம் வந்தால் வெட்டியே ஆகணும் என்ற விதி எங்கிருந்து வந்தது?

அந்தத் தேடல்தான் இந்த எபிசோட். முடிவில் எனக்குக் கிடைத்த பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பெண்டிக்ஸ் சிகிச்சையின் வரலாறு, டாக்டர்களால் வயிற்றுக்குள் எவ்வளவு பார்க்க முடிந்தது என்பதன் வரலாறு. பார்க்க முடியாத காலத்தில் பிறந்த விதி அது. பார்வை கூடக் கூட விதி தளர்ந்தது.

ஒரு சட்டை ஊசியில் தொடங்கிய கதை

முதலில் உறுப்பைப் பற்றி இரண்டு வரி. சிறுகுடல் வந்து பெருங்குடலில் சேருகிற இடத்தில் ஒரு பை மாதிரி இருக்கும். அந்தப் பையிலிருந்து ஒரு விரல் நீளத்துக்குத் தொங்குகிற மெல்லிய குழாய்தான் குடல்வால். ஒரு முனை திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். முட்டுச்சந்து மாதிரி. இந்த முட்டுச்சந்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேலைக்கு வரும்.

1735 டிசம்பர். லண்டன், செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை. க்ளாடியஸ் அமியாண்ட் என்ற அறுவை மருத்துவரிடம் 11 வயதுச் சிறுவன் ஒருவன் வருகிறான். அவனுக்குக் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. மயக்க மருந்து என்பதே இல்லாத காலம். அமியாண்ட் அந்த இடத்தைத் திறந்து பார்த்தால், ஹெர்னியாப் பைக்குள் குடல்வால் கிடக்கிறது. அதைக் குத்திக்கொண்டு ஒரு ஊசி! பையன் எப்போதோ விழுங்கிய குண்டூசி. அமியாண்ட் குடல்வாலை வெட்டி எடுத்தார், பையன் பிழைத்தான். பதிவாகியிருக்கும் முதல் அப்பெண்டிக்ஸ் அறுவை இதுதான்.

கவனிங்க, அமியாண்ட் அப்பெண்டிக்ஸைத் தேடிப் போகவில்லை. வேறு வேலையாகப் போனவர் கண்ணில் அது தற்செயலாகப் பட்டது. அதனால் இந்த ஒரு வெற்றி எந்தப் பழக்கத்தையும் உருவாக்கவில்லை. அடுத்த நூறு வருடங்களுக்கு மேல் இந்த வலிக்குக் காரணம் பெருங்குடலின் தொடக்கப் பைதான் என்றே பெரும்பாலான மருத்துவர்கள் நம்பினார்கள். 'டிஃப்லைட்டிஸ்' என்று பெயர் வைத்தார்கள். சிகிச்சை? படுக்கை ஓய்வு, வலிக்கு ஓபியம், அட்டைப்பூச்சி விட்டு இரத்தம் உறிஞ்ச வைப்பது. பலர் இறந்தார்கள்.

பிணமேசையிலிருந்து வந்த விதி

இந்தக் குழப்பத்தை உடைத்தவர் பாஸ்டனைச் சேர்ந்த ரெஜினால்ட் ஃபிட்ஸ், ஹார்வர்டில் நோய்க்கூறியல் பேராசிரியர். 1886-ல் அவர் வாசித்த கட்டுரையில் குடல்வால் ஓட்டையாகி வெடித்த 257 பேரின் விவரங்களை ஆராய்ந்திருந்தார். குற்றவாளி பெருங்குடல் இல்லை, குடல்வால்தான் என்று நிறுவினார். 'அப்பெண்டிசைட்டிஸ்' என்ற சொல்லே அவர் உருவாக்கியது. வெடித்துப் பரவுவதற்கு முன்னால் சீக்கிரம் அறுவை செய்யுங்கள் என்றும் வலியுறுத்தினார்.

மருத்துவ வரலாற்றில் பெரிய கட்டுரைகளில் ஒன்று இது. எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று கணக்கே கிடையாது. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு. அவருடைய அந்த வாதம் வெடித்த குடல்வால்களை வைத்துக் கட்டப்பட்டது. வீங்கி, தானே ஆறிப்போனவர்கள் டாக்டரிடமே வந்திருக்க மாட்டார்களே! அதே கட்டுரையில் ஃபிட்ஸ் இன்னொன்றையும் குறிப்பிடுகிறார். வேறு காரணங்களால் இறந்தவர்களின் உடலைப் பரிசோதித்தபோது, சுமார் மூன்றில் ஒரு பங்குப் பேரின் குடல்வாலில் எப்போதோ வீங்கி ஆறிய தடயம் இருந்தது. அதாவது, வந்து போனதே தெரியாமல் வந்து போயிருக்கிறது.

இந்தத் தகவல் அன்றைக்கே மேசையில் இருந்தது. ஆனால் அதை வைத்து என்ன செய்ய முடியும்? உங்கள் முன்னால் ஒருவர் வலியில் துடிக்கிறார். அவருடையது ஆறப்போகிற வகையா, வெடிக்கப்போகிற வகையா? வெளியிலிருந்து சொல்ல வழியில்லை. 1889-ல் நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி, வயிற்றில் எந்தப் புள்ளியில் அழுத்தினால் வலி அதிகம் என்று விவரித்தார். இன்றைக்கும் டாக்டர் அழுத்திப் பார்க்கிற 'மெக்பர்னி புள்ளி' அதுதான். டாக்டரிடம் இருந்த ஸ்கேன் மெஷின் அவருடைய விரல்தான்! அந்த நிலைமையில் எல்லாரையும் வெட்டுவதுதான் பாதுகாப்பான முடிவு. அது நியாயமான முடிவும்கூட.

முடிசூட்டு விழாவைத் தள்ளிவைத்த வலி

1902-க்கு வருவோம். ஜூன் 26 அன்று இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு முடிசூட்டு விழா. பல நாட்டு விருந்தினர்கள் லண்டனுக்கு வந்தாச்சு. மன்னருக்கோ வயிற்றுவலி, காய்ச்சல். பார்த்தவர் ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ். 'யானை மனிதர்' என்று அழைக்கப்பட்ட ஜோசப் மெரிக்கைக் கவனித்துக்கொண்ட அதே ட்ரீவ்ஸ்தான்.

ட்ரீவ்ஸுக்கு இந்த நோய் வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால், 1900-ல், அவருடைய மகளே இந்த நோயால் இறந்திருந்தார். தாமதம் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். ஜூன் 24 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே அறுவை நடந்தது. விழா தள்ளிப்போனது. மன்னர் தேறி, ஆகஸ்ட் 9 அன்று முடிசூடினார்.

மன்னரே செய்துகொண்ட பிறகு இந்த அறுவைக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. ஆனா, பலருக்குத் தெரியாத விஷயம் என்னன்னா, ட்ரீவ்ஸ் மன்னரின் குடல்வாலை எடுக்கவே இல்லை! கட்டியைத் திறந்து சீழை வடித்தார், அவ்வளவுதான். மன்னர் அதற்குப் பிறகு எட்டு வருடங்கள் வாழ்ந்து, 1910-ல் இறந்தார். வரலாற்றின் மிகப் பிரபலமான அப்பெண்டிக்ஸ் அறுவையில் அப்பெண்டிக்ஸ் உள்ளேயே இருந்தது. ஹார்பின் கதைக்கு வரும்போது இதை மறுபடி நினைத்துக்கொள்வோம்.

அதன் பிறகு விதி இறுகியது. எவ்வளவு இறுகியது என்றால், 1961 ஏப்ரல் 30 அன்று அண்டார்க்டிகாவில் ஒரு சோவியத் ஆய்வு நிலையத்தில், 27 வயது டாக்டர் லியோனிட் ரோகோசோவ் தன் வயிற்றைத் தானே கிழித்துக் குடல்வாலை எடுத்தார். அங்கே இருந்த ஒரே டாக்டர் அவர்தான். யூரி ககாரின் விண்வெளிக்குப் போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. ரோகோசோவ் முதலில் ஆன்டிபயாடிக் எடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. நிலைமை மோசமானது. வேறு வழியில்லாமல் செய்தார், பிழைத்தார். இந்தக் கதையை நான் சாகசமாக மட்டும் பார்க்கவில்லை. காத்திருந்தால் சாவு என்ற நிலை சிலருக்கு உண்மையிலேயே வரும். இனி சொல்லப்போகிற எதுவும் அதை மறுக்கவில்லை.

விதியின் விலை

எல்லாரையும் வெட்டுவதற்கு ஒரு விலை இருந்தது. ஸ்கேன் பரவலாகும் முன், திறந்து பார்த்தபோது குடல்வால் நல்லபடியாகவே இருந்த சம்பவங்கள் 15 முதல் 20 சதவீதம் வரை இருந்தன. ஐந்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தவறவிடுவதைவிட இது பரவாயில்லை என்று பாடப்புத்தகங்களே ஏற்றுக்கொண்டன. 'அது எதுக்கும் உதவாத உறுப்புதானே' என்ற எண்ணமும் துணைக்கு இருந்தது. டார்வினே 1871-ல் அதை ஒரு எச்ச உறுப்பாகத்தான் குறிப்பிட்டார். இன்றைக்கு அந்த எண்ணம் ஆட்டம் கண்டிருக்கிறது. குடல்வாலில் நோய் எதிர்ப்புத் திசு நிறைய இருக்கிறது. 2007-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வயிற்றுப்போக்கில் குடலே காலியானாலும் நல்ல பாக்டீரியாக்கள் ஒளிந்து பிழைக்கிற பாதுகாப்பு அறையாக அது இருக்கலாம் என்று முன்வைத்தார்கள். குடல்வாலை எடுத்தவர்களும் நன்றாகத்தான் வாழ்கிறார்கள், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் 'சும்மா கிடக்கிற வால்' என்று இனி அலட்சியமாகச் சொல்ல முடியாது.

சரி, அது ஏன் வீங்குகிறது? 1930-களில் மினசோட்டாவில் ஓவன் வாங்கன்ஸ்டீன் என்ற அறுவை மருத்துவர் இதை ஆராய்ந்தார். குடல்வாலின் வாய் அடைபட்டாலும் உள்ளே சளி போன்ற நீர் சுரந்துகொண்டே இருக்கும். வெளியே போக வழியில்லை. அழுத்தம் ஏறும், இரத்த ஓட்டம் குறையும், பாக்டீரியா பெருகும். அந்த முட்டுச்சந்து இதுதான்! அடைப்பது பெரும்பாலும் கெட்டியாகிப்போன மலக்கல், சில சமயம் வீங்கிய திசு. கொய்யா விதையைப் பற்றி நம்ம பாட்டிமார் சொல்வதை இங்கே முழுசா நம்ப வேண்டாம், விதையால் வருவது அபூர்வம். எல்லா நோயாளிகளிடமும் அடைப்பு கண்டுபிடிக்கப்படுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் பிரச்சினை அடைப்பு என்றால், தீர்வும் அடைப்பை நீக்குவதாக இருக்கலாம் இல்லையா? வீட்டில் சிங்க் அடைத்தால் குழாயையே அறுத்து எறிவோமா? அன்றைக்கு இந்தக் கேள்வி அந்தத் திசையில் போகவில்லை. உள்ளே போய்ப் பார்க்கக் கருவி இல்லை.

கதவுகள் திறக்கின்றன

1950-களில் இங்கிலாந்தில் எரிக் கோல்ட்ரே என்ற மருத்துவர் ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து 471 நோயாளிகளைக் கவனித்து, 1959-ல் முடிவை வெளியிட்டார். இறப்பு 0.2 சதவீதம், மறுபடி வந்தது 14 சதவீதம் சொச்சம். மோசமான கணக்கில்லை. ஆனால் அறுவை உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

1980-ல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்பவர் லேப்ராஸ்கோபி மூலம், சின்னத் துளைகள் வழியாகக் குடல்வாலை எடுத்தார். அவர் மகப்பேறு மருத்துவர். இன்றைக்கு இது நம்ம ஊர்ல சாதாரண விஷயம். அன்றைக்கோ, அவரை மருத்துவம் பார்க்க விடாமல் தடை செய்ய வேண்டும் என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத்தின் தலைவரே எழுதினார். புதுசாக ஒன்று வரும்போது கிடைக்கிற வரவேற்பு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உண்மையான திருப்பம் சி.டி. ஸ்கேன். 1990-களில் அப்பெண்டிக்ஸுக்கு அது பரவலானதும், முதல் முறையாக வெட்டாமலே பார்க்க முடிந்தது. வெடித்திருக்கிறதா? சுற்றிச் சீழ்க்கட்டி இருக்கிறதா? கல் இருக்கிறதா? எதுவும் இல்லாமல் வெறும் வீக்கம் என்றால் 'சிக்கலற்ற' வகை. ஃபிட்ஸால் பிரிக்க முடியாத இரண்டு கூட்டத்தையும் இப்போது பெருமளவு பிரிக்க முடிந்தது.

அதற்குப் பிறகுதான் பெரிய ஆய்வுகள் வந்தன. 2015-ல் பின்லாந்தில் பவுலினா சால்மினென் தலைமையிலான குழு, சிக்கலற்ற வகை உள்ள 530 பேரை இரண்டாகப் பிரித்தது. ஆன்டிபயாடிக் எடுத்தவர்களில் முதல் வருடத்துக்குள் அறுவை தேவைப்பட்டது 27 சதவீதம் பேருக்கு. ஐந்து வருடத்தில் அது 39 சதவீதம் ஆனது. பாதியை இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம்: பத்துப் பேரில் நாலு பேருக்குத் திரும்ப வந்தது, ஆறு பேர் கத்தியே இல்லாமல் தப்பித்தார்கள். 2020-ல் அமெரிக்காவில் 1552 பேரை வைத்து நடந்த ஆய்வு இன்னொரு துப்பைக் கொடுத்தது. மலக்கல் இருந்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு 90 நாளுக்குள் அறுவை தேவைப்பட்டது, கல் இல்லாதவர்களில் 25 சதவீதம் பேருக்கு. மாத்திரையால் கிருமியைக் கொல்ல முடியும், கல்லைத் தள்ள முடியாது. வாங்கன்ஸ்டீன் சொன்ன அடைப்பு மறுபடி எட்டிப் பார்க்கிறது.

உள்வழியாக ஒரு பாதை

இப்போ ஹார்பினுக்குப் போவோம். லியு பிங்ரோங் அறுவை மருத்துவர் அல்ல, எண்டோஸ்கோபி செய்கிற குடல் மருத்துவர். அவர் கடன் வாங்கிய யோசனை பித்தக்குழாயிலிருந்து வந்தது. பித்தக்குழாயில் கல் அடைத்துச் சீழ் பிடித்தால், ஒரு காலத்தில் வயிற்றைத் திறக்கத்தான் வேண்டும். 1968-ல் எண்டோஸ்கோப் வழியாகப் பித்தக்குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம் எடுக்க முடிந்தது. 1974-ல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அதே வழியாகக் குழாயின் வாயை விரித்துக் கல்லை எடுக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு அதுதான் வழக்கம். ஒரு முட்டுச்சந்துக்கு இது முடியும் என்றால் இன்னொன்றுக்கு ஏன் முடியாது?

செய்முறை சுருக்கமாக: எனிமா கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்வார்கள். கொலோனோஸ்கோப்பை ஆசனவாய் வழியாகப் பெருங்குடலின் தொடக்கம் வரை கொண்டுபோவார்கள். குடல்வாலின் வாயை மறைக்கிற சின்னச் சவ்வு மடிப்பை மெதுவாக ஒதுக்கி, ஒரு மெல்லிய கம்பியையும் அதன் மேல் ஒரு குழாயையும் உள்ளே விடுவார்கள். சீழை உறிஞ்சி, எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்தைச் செலுத்திப் படம் பார்ப்பார்கள். பிறகு கழுவுவார்கள். கல் இருந்தால் சின்ன வலைக்கூடையாலோ பலூனாலோ எடுப்பார்கள். தேவைப்பட்டால் சீழ் வடிய ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்து, பிறகு எடுத்துவிடுவார்கள். உள்ளே அழுத்தம் குறைந்ததும் வலியும் சீக்கிரம் குறைகிறது.

ஏழாம் எட்வர்டுக்கு ட்ரீவ்ஸ் செய்ததும் அடிப்படையில் இதுதானே? சீழை வெளியேற்று, உறுப்பை விட்டுவிடு. பாதைதான் வேறு.

இதில் நம்ம ஊருக்கும் ஒரு பக்கம் இருக்கு. 2000-களில் எண்டோஸ்கோபி உலகத்தின் கனவு, உடலின் இயற்கைத் துவாரங்கள் வழியாகவே அறுவை செய்வது. ஹைதராபாதில் நாகேஸ்வர ரெட்டியும் ஜி.வி. ராவும் வாய் வழியாக இரைப்பைக்குள் போய், அங்கிருந்து குடல்வாலை எடுத்துக் காட்டினார்கள். கோவையில் சி. பழனிவேலுவின் குழு பெண்களுக்குப் பிறப்புறுப்பு வழியாக எடுத்து, 2008-ல் கட்டுரை வெளியிட்டது. தழும்பே தெரியாத அறுவை. ஆனால் அந்த முயற்சிகள் கேட்டது "எந்த வழியாக வெளியே எடுக்கலாம்?" ஹார்பின் குழு கேட்டது "எடுக்கத்தான் வேண்டுமா?" எனக்கு இந்த இரண்டாவது கேள்விதான் பெரிய தாவலாகத் தெரிகிறது.

அப்போ நாம என்ன செய்யணும்?

இங்கே நிதானமாகப் பேசணும். எண்டோஸ்கோபி முறையின் ஆதாரங்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்தவை. பின்லாந்து, அமெரிக்க ஆய்வுகளின் அளவுக்குப் பல நாடுகளில் சோதிக்கப்படவில்லை. கைதேர்ந்த நிபுணர் வேண்டும், அதுவும் இராத்திரி இரண்டு மணிக்கு வேண்டும். உறுப்பு உள்ளேயே இருப்பதால் மறுபடி வரலாம். நாற்பது தாண்டியவர்களுக்குக் குடல்வாலில் கட்டி ஏதும் மறைந்திருக்கிறதா என்று பின்னாடி பரிசோதிக்கவும் வேண்டும். வெடித்துவிட்ட குடல்வாலுக்கு இது வழியே அல்ல. மறுபக்கம், லேப்ராஸ்கோபி அறுவை இன்று மிகப் பாதுகாப்பானது, ஓரிரு நாளில் வீட்டுக்குப் போகலாம், திரும்ப வருமோ என்ற கவலை கிட்டத்தட்ட இல்லை. அறுவையைத் தேர்ந்தெடுக்கிறவர் ஏமாந்தவர் இல்லை.

மாறியது என்னவென்றால், தேர்ந்தெடுக்க ஒன்றுக்கு மேல் இருக்கிறது. உலக அவசர அறுவை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலே, கல் இல்லாத சிக்கலற்ற வகைக்கு ஆன்டிபயாடிக் சிகிச்சையைப் பற்றி நோயாளியிடம் பேசச் சொல்கிறது. சிக்கலற்ற வகையில், மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்தால் அறுவைக்கு 24 மணி நேரம் வரை காத்திருப்பது பாதுகாப்பானது என்றும் சொல்கிறது. அந்த 24 மணி நேரத்தைத்தான் இந்த 290 வருட வரலாறு நமக்குச் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. அமியாண்டின் சிறுவனுக்கும் ட்ரீவ்ஸின் மகளுக்கும் அது கிடைக்கவில்லை.

அதனால் வலி வந்தால் வீட்டில் உட்கார்ந்து இந்த எபிசோடை மறுபடி கேட்காதீங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. காத்திருப்பது என்பது டாக்டர் கண் முன்னால் காத்திருப்பது மட்டும்தான். போன பிறகு மூணு கேள்வி கேளுங்க. ஸ்கேன்ல சிக்கலற்ற வகையா தெரியுதா? கல் இருக்கா? எனக்கு என்னென்ன வழிகள் இருக்கு, மறுபடி வர வாய்ப்பு எவ்வளவு? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். பதில் கேட்ட பிறகு ஆபரேஷன்தான் சரி என்று முடிவானால், நிம்மதியா பண்ணிக்கோங்க.

அவ்வளவுதான் நண்பர்களே. உங்க வீட்டுல அப்பெண்டிக்ஸ் கதை இல்லாமல் இருக்காது. யாருக்கு, எந்த வருஷம், என்ன சிகிச்சை என்று கேட்டுப் பாருங்க. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக்குள்ளேயே இந்த வரலாறு பாதி வந்துவிடும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.